நூறடிச் சங்கிலியால் உலகளந்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மூன்றடியால் உலகளந்த பெருமாளின் கதையை நம் பகுதியில் அறியாதார் இல்லை. திருக்கோவலூர்க் கோயிலில் ஒரு காலை ஊன்றி மறுகாலை விண்ணோக்கி உயர்த்தி நிற்கும் அந்த நெடிய உருவத்தைச் சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து கண்டு வியந்தவன் நான். ஆனால் நூறடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியையும், இரவில் தெரியும் விண்மீன்களையும் துணையாகக் கொண்டு, இதே தமிழ் மண்ணில் உலகை அளக்கத் தொடங்கிய ஒரு மனிதரும் உண்டு. அவர் பெயர் வில்லியம் லாம்டன். அவரைப் பற்றி அறிய நேர்ந்தது எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு வரப்புச் சண்டையால்தான் என்றால் நண்பர்கள் நம்புவீர்களா?

எங்கள் ஊர் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தால் ஊர்ப்பெயர் பலருக்கும் தெரியும். தாத்தா விட்டுச்சென்ற நிலம் 144 குழி. எங்கள் பக்கத்தில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். தாத்தா மறைந்தபின் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஆளுக்கு 48 குழி என்று பேசி, நூல் கயிற்றால் அளந்து பிரித்துக்கொண்டார்கள். ஆண்டுகள் சில சென்றபின், தம் பங்கு சுருங்கியிருப்பதாக அப்பாவுக்கு ஐயம் எழுந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் சித்தப்பா. அவ்வளவுதான், எட்டு ஆண்டுகள் இரு வீட்டிற்கும் பேச்சு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று சொன்னது ஒன்றுதான்: படித்து முடித்து வந்து அந்த நிலத்தைச் சரியாக அளந்து சொல்ல வேண்டும் என்பது. அளவைகளைப் பற்றி நூலகத்தில் தேடத் தொடங்கிய நான் கண்டுகொண்ட பெருமகன்தான் லாம்டன்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்‌ஷயரில், 1753-ஆம் ஆண்டு வாக்கில், எளிய உழவர் குடும்பத்தில் லாம்டன் பிறந்தார். பெற்றோருக்கு வசதியில்லை. நார்த்தலர்ட்டன் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் இலவசமாகப் பயிலும் வாய்ப்புக் கிடைத்ததால்தான் அவர் கல்வி நின்றுபோகாமல் தொடர்ந்தது. கணக்கில் அவருக்கிருந்த நாட்டம் இயல்பாக அமைந்தது. நியூகாசில் நகரில் புகழ்பெற்று விளங்கிய கணித ஆசிரியர் சார்லஸ் ஹட்டனிடம் அவர் பாடம் கேட்டார். உதவித்தொகையை நம்பிப் படிக்கும் நம்மில் பலருக்கு இந்தப் பகுதி புதிதாகத் தோன்றாது.

பின்னர் பிழைப்புக்காகப் படையில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் 1781-இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது கைதிகளுள் ஒருவராக இருந்தார். விடுதலையானபின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் படைக்குடியிருப்புகளைக் கவனிக்கும் சாதாரணப் பணியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தார். சூரிய கிரகணத்தைத் தக்க கண்ணாடியின்றிப் பார்த்ததால் ஒரு கண்ணின் பார்வை குன்றியதும் அக்காலத்தில்தான். வேலைபோக எஞ்சிய பொழுதெல்லாம் கணிதமும் வானியலும் கற்றார். நாற்பது வயதைக் கடந்தும் அவரை யாருக்கும் தெரியாது. காலம் கடந்துவிட்டதே என்று அவர் புத்தகத்தை மூடிவைக்கவில்லை.

விண்மீன் காட்டிய திசை

பின்னர்த் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். அதன் தலைவர், பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-இல் திப்பு சுல்தானுக்கெதிரான சீரங்கப்பட்டணப் போரின்போது ஓர் இரவு, தளபதி பேர்டின் படை இருளில் வழிதவறியது. வடக்கே செல்வதாக எண்ணிக்கொண்டு, படை தெற்கே எதிரியின் முகாமை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களைப் பார்த்தபடியே சென்ற லாம்டன் உடனே எச்சரித்தார். பின்னர்த் திசைகாட்டியைக் கொண்டு பார்த்தபோது அவர் சொன்னதே சரியெனத் தெரிந்தது. வானத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு படையையே காத்தார்.

போர் முடிந்தது. ஆங்கிலேயர் கையில் பெருநிலம் விழுந்தது. அதன் அளவும் எல்லையும் அவர்களுக்கே விளங்கவில்லை. அந்நேரத்தில் லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மேற்குக்கரை வரை, முக்கோண முறையில், பூமியின் வளைவையும் கணக்கில் கொண்டு நாட்டை அளப்பதே அத்திட்டம். 1800-இல் இசைவு கிடைத்தது. ஆனால் எதிர்ப்பும் இருந்தது. சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்று சென்னை அரசில் ஒருவர் கேட்டாராம். அளவையின் அருமை எல்லோருக்கும் எளிதில் விளங்குவதில்லை!

எத்தனை அளவுகள்!

அன்றைய அளவுகளின் நிலையை இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவர்க்கு விரலும் சாணும் முழமும் கோலும் இருந்தன. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். வழிநடைக்குக் காதம். கடலோர மீனவர்க்கு, இரு கைகளையும் அகல விரித்தால் வரும் பாகம். நிலத்திற்குத் தஞ்சைப் பக்கம் குழி, மா, வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நம் பக்கமோ காணி. குழி என்ற சொல் ஒன்றே. அதை அளக்கும் கோல்தான் ஊருக்கு ஊர் வேறு. ஆங்கிலேயரிடம் அங்குலமும் அடியும், நில அளவைக்கு 66 அடி கொண்ட குண்டர் சங்கிலியும் இருந்தன. அச்சங்கிலிக்கு நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இன்றும் நம் பத்திரங்களில் வழங்கும் சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்குதான்.

மனிதனின் விரலும் காலும் ஆளுக்கு ஆள் மாறுபடும். எனவே, மாறாத ஒன்றை அளவுக்கு அடிப்படையாக்க வேண்டும் எனப் பிரெஞ்சு அறிஞர்கள் 1791-இல் முடிவு செய்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என வகுத்தனர். அதற்காக டெலாம்பர், மெஷென் என்னும் இருவர் டன்கிர்க் முதல் பார்சிலோனா வரை அளந்து 1798-இல் பணியை முடித்தனர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பது நியூட்டனின் கருத்து. அப்படியாயின் ஒரு பாகை அகலாங்குக்குரிய தொலைவு, நிலநடுக்கோட்டருகே குறைவாகவும் துருவத்தருகே மிகுதியாகவும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் அளந்தால் மட்டும் போதாது. நடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளிலும் அளந்தாக வேண்டும். லாம்டனின் உள்ளம் நாடியது இதையே. அரசு கேட்டது நிலப்படம். அவர் தேடியது பூமியின் வடிவம்.

பரங்கிமலை அடிக்கோடு

கருவிகள் வந்து சேர்ந்த கதையே ஒரு தனிக்கதை. ராம்ஸ்டன் என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் செய்த சங்கிலி, சீனப் பேரரசருக்கென அனுப்பப்பட்ட தூதுக்குழுவோடு சென்று, அங்கே வரவேற்பின்றிக் கல்கத்தா வந்தடைந்தது. லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட், அதாவது கோணமானி, ஏறத்தாழ அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் சிறைப்பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அது அறிவியல் கருவி என்பதை உணர்ந்த அத்தீவின் ஆளுநர் அதைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். இரு நாடுகளுக்கும் போர் நடந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பது நம் முதலாண்டுப் பாடம். அந்த நீட்சியை அவர் அலட்சியம் செய்யவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக நிறுத்தி, சங்கிலியை அவற்றில் கிடத்தி, வெப்பமானிகளை அருகே வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். சங்கிலி தேய்ந்ததா, நீண்டதா எனச் சரிபார்க்க இன்னொரு சங்கிலியைத் தனியே வைத்திருந்தார்.

இதன் அவசியத்தை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். எஃகின் நீள விரிவுக்கெழு ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.0000115. வெப்பம் 10 டிகிரி கூடினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இது ஒரு பொருட்டா எனத் தோன்றும். நானூறு முறை வைத்தால் பிழை 1.4 மீட்டர் ஆகிவிடும்! ஓர் ஆள் படுத்து எழும் அளவுக்கு நிலம் காணாமல் போய்விடும்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் என் கை நின்றது. எங்கள் வீட்டுக் கயிறு நினைவுக்கு வந்தது. எஃகே வெயிலில் மாறும் என்றால் நூல் கயிறு மழையில் என்னவாகும்? அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முக்கோணங்கள் நடந்த வழி

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கால் பெறலாம். அப்படிப் பெற்ற பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடு. இவ்வாறு மலைக்கு மலை பார்வையை எறிந்து, சங்கிலி வைக்காமலேயே நாட்டை அளந்துகொண்டு போகலாம். சங்கிலியின் வேலை தொடக்கத்திலும், இடையிடையே சரிபார்ப்பதிலும்தான்.

அம்முக்கோணங்கள் நம் மண்ணின் மீதுதான் நடந்தன. கடலூரை அடுத்த திருவந்திபுரம் தெற்கு எல்லையாக, வடக்கே 1 பாகை 35 கலை அளவுக்குத் தென்வடல் வில் ஒன்றை முதலில் அளந்தார். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியிலிருந்து மேற்கே போளூர்ப் பக்கத்து மலை வரை 55 மைல் நீளக் கிழமேல் கோடு ஒன்றும் இழுத்தார். அக்கோடு எங்கள் மேல்மலையனூருக்குச் சற்று வடக்கே செல்கிறது. செஞ்சிக் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனையோ மன்னர்களின் பெயர் நம் நினைவுக்கு வரும். இந்தக் குன்றுகளின் நடுவே படை நடத்தாமல் கோணம் பார்த்துச் சென்ற ஒரு பணியும் நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கிடைத்த விடை இது: நம் அகலாங்கில் ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 60,500 பாகம், அதாவது 110.6 கிலோமீட்டர். செயற்கைக்கோள் காலத்தில் நாம் அறிந்த அளவும் இதுவே. துருவத்தருகே ஒரு பாகை 111.7 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த இந்த வேறுபாட்டில்தான் பூமியின் தட்டை வடிவம் ஒளிந்திருக்கிறது.

1804-இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்திற்கும், நேரில் சங்கிலி வைத்து அளந்த நீளத்திற்கும் இருந்த வேறுபாடு 4 அங்குலத்திற்கும் குறைவு! ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் ஒரு சாண் கூடப் பிழையில்லை. மேலும், சென்னைக்கும் மங்களூருக்கும் இடையேயுள்ள தொலைவு, பழைய படங்கள் காட்டியதைவிட 40 மைல் குறைவு என்பதும் வெளிப்பட்டது.

தஞ்சையில் ஒரு விபத்து

காவிரிச் சமவெளியில் மலையில்லை. எங்கும் தென்னையும் பனையுமே பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களையே மலைகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு நெளிந்தது. மூன்றடி விட்டமுள்ள அந்த வட்டத்தின் நுண்ணிய கோடுகளை நம்பித்தான் வேலை முழுவதும் நின்றது. வேறொருவராயின் இடிந்துபோயிருப்பார். லாம்டன் கூடாரத்திற்குள் தம்மை அடைத்துக்கொண்டு, ஆப்புகளும் திருகுகளும் கொண்டு தகட்டை மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வட்டத்திற்கு மீட்டார்.

அந்தக் கோயிலைக் கட்டிய இராசராச சோழன், கி.பி. 1001 வாக்கில் தன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தவன். வேலியின் மிகச் சிறு பின்னங்கள் வரை கணக்கிட்டுக் கல்லில் பொறிக்கச் செய்தவன். அளவையைப் போற்றிய மன்னனின் கோயிலில்தான் அளவுக்கருவி உடைந்தது, மீண்டும் சீரானது.

அதன்பின் குமரிமுனைக்கருகிலிருந்து வடக்கே பீதர் வரை ஏறத்தாழ 10 பாகை நீளமுள்ள வில்லை அளந்து முடித்தார். 1817-இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818-இல் அப்பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்ததும் அவ்வாண்டில்தான். தாயகம் திரும்பாமலே உழைத்த லாம்டன், 1823 ஜனவரியில், இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில், கூடார வாழ்விலேயே ஏறத்தாழ எழுபது வயதில் உயிர்நீத்தார். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கு மேல் அளந்திருந்தார். எவரெஸ்ட் அந்த வில்லை இமயமலை அடிவாரம் வரை நீட்டினார். பின்னர் அந்த அளவைகளைக் கொண்டே வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தார் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டார். சிகரத்திற்கு 1865-இல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. முதல் சங்கிலியை வைத்தவர் பெயர் எந்தச் சிகரத்திலும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பணியாற்றியது நம்மை ஆள வந்த கும்பினிக்காக. நாட்டைத் துல்லியமாக அறிந்தவனுக்கு அதை அடக்கி ஆள்வதும் எளிது. சங்கிலி சுமந்தும், கொடிக்கம்பம் நட்டும், மலைமீது கருவியைத் தூக்கியும், காட்டுக் காய்ச்சலில் மடிந்தும் உழைத்த நம்மவர் பலரின் பெயர்கள் நூல்களில் இல்லை. என் அப்பாவைப் போன்ற கைநாட்டு மனிதர்கள் அவர்கள். லாம்டனைப் போற்றும்போது அவர்களையும் சேர்த்தே நான் வணங்குகிறேன்.

இரண்டு குழி

இனி எங்கள் கயிற்றுக்கு வருவோம். விடுமுறையில் வீடு சென்று அப்பாவிடம் கேட்டேன். பெரியப்பா பங்கை அளந்தது முதல் நாள் மாலை. அன்றிரவு மழை. கயிறு வரப்பிலேயே நனைந்து கிடந்தது. மறுநாள் காலை அதே கயிற்றால் அப்பா பங்கை அளந்தார்கள். எஞ்சியது சித்தப்பாவுக்கு, அதை யாரும் அளக்கவில்லை. பரண்மேல் கிடந்த அந்தப் பழங்கயிற்றை எடுத்து, எஃகு நாடாவை அருகில் வைத்து அளந்தேன், 48 அடி. வாளித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து அளந்தேன்; 46 அடி. முறுக்கிய நூல் நனைந்தால் இழைகள் பருத்து, நீளம் குறையும். மூன்று கயிறு அகலத்திற்கு 6 அடி குறைவு. நிலத்தின் நீளம் 192 அடி. பெருக்கினால் 1,152 சதுர அடி. சரியாக இரண்டு குழி! அப்பாவுக்கு 46, சித்தப்பாவுக்கு 50.

நாடாவை எடுத்துச் சென்று நிலத்தை அளந்தேன். கணக்கும் நிலமும் ஒத்துவந்தன. சித்தப்பா வரப்பின் மறுபுறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னிலையில் கயிற்றை மறுபடியும் நனைத்துக் காட்டினேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை; ஏமாற்றியது கயிறு. நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும்படி அப்பாவிடம் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் அப்பாவை அண்ணா என்று அழைத்தது அன்றுதான். அப்பா வரப்பைத் தொடவில்லை. இரண்டு குழி தம்பியிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தார்.

இன்று மீட்டர் என்பது பூமியைக் கொண்டும் அளக்கப்படுவதில்லை. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர் என 1983-இல் வரையறுத்தனர். அளவுகோல் விரலிலிருந்து ஒளிவரை வந்துவிட்டது. ஆயினும் லாம்டன் கற்பிக்கும் பாடம் மாறவில்லை. உலகை அளக்கப் புறப்படுபவன் முதலில் தன் கையிலுள்ள கோலைச் சோதிக்க வேண்டும். அண்டை வீட்டானை ஐயுறுமுன் நம் கயிறு நனைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் பிழை கணக்கிடும் பகுதியைச் சலிப்போடு எழுதித் தள்ளும் நண்பர்களே, அந்தச் சிறு எண்ணுக்குள் ஒரு குடும்பத்தின் எட்டு ஆண்டுகள் அடங்கியிருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

வாழ்க லாம்டனின் நினைவு!